பல்கலைக்கழகத்தின் பெயரைப் பொதுவில் எழுதுவது எப்படி: வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பில் பஸ் ஏறி, "கம்பஸடியில இறக்கிவிடுங்க" என்றால் நடத்துனர் வந்தாறுமூலையில் இறக்கிவிடுவார். கல்முனையில் ஏறி அக்கரைப்பற்றுப் பக்கம் போகையில் அதையே சொன்னால் ஒலுவிலில் இறங்கலாம். பேச்சுக்கு இது தாராளம். எழுத்துக்குப் போதாது. பெயர்ப்பலகை, வாழ்த்துப் பதாகை, அழைப்பிதழ், சுயவிபரக்கோவை, செய்தி, ஆய்வுக் கட்டுரை எதுவானாலும், அதை வாசிப்பவர் எந்த ஊரில் நின்று வாசிக்கிறார் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. கீழே உள்ளவை பிரஸ் (அச்சகம்) நடத்துவோர், பாடசாலை அதிபர்கள், பழைய மாணவர் சங்கச் செயலாளர்கள், வேலைக்கு விண்ணப்பிப்போர் ஆகியோருக்கானவை.

முழுப்பெயர்: 'இலங்கை' எங்கே நிற்க வேண்டும்

கிழக்கில் உள்ள இரண்டு அரச பல்கலைக்கழகங்களின் பெயரிலும் நாட்டின் பெயர் இருக்கிறது. ஆனால் நிற்கும் இடம் வேறு. வந்தாறுமூலையில் இருப்பது 'கிழக்குப் பல்கலைக்கழகம், இலங்கை'. காற்புள்ளியும் பெயரின் பகுதிதான். ஒலுவிலில் இருப்பது 'இலங்கை தென்கிழக்குப் பல்கலைக்கழகம்'. இங்கே நாடு முன்னால் வருகிறது, காற்புள்ளி இல்லை. ஆங்கிலத்திலும் இதே வேறுபாடு உண்டு: முதலாவதில் காற்புள்ளி போட்டு ஸ்ரீலங்கா, இரண்டாவதில் 'ஒஃப் ஸ்ரீலங்கா'. இரண்டையும் ஒரே அச்சில் வார்த்து 'இலங்கை கிழக்குப் பல்கலைக்கழகம்' என்று பலகை எழுதுவது வழக்கமாகிவிட்டது. விளங்காமல் போகாது. ஆனாலும் அது அந்த நிறுவனத்தின் பெயர் அல்ல.

யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, களனி, மொரட்டுவை என்று ஊர்ப்பெயர் தாங்கியவற்றுக்கு நாட்டின் பெயர் அவ்வளவு அவசியமில்லை, ஊரே அடையாளம். திசைப்பெயர் அப்படியல்ல. கிழக்கு எல்லா நாட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் பங்களாதேஷின் டாக்காவிலும் 'ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டி' என்ற பெயரில் பல்கலைக்கழகங்கள் உள்ளன. தென்கிழக்கோடு மயங்கக்கூடிய பெயருடையவை சீனாவின் நாஞ்சிங்கிலும் டாக்காவிலும் இருக்கின்றன. அதனால் உள்ளூர்ப் பதாகையில் 'இலங்கை' விடுபட்டால் மன்னிக்கலாம், வெளிநாட்டு விண்ணப்பத்தில் விடுபட்டால் ஆளே மாறிப்போகும்.

தமிழில் எழுதும்போது 'ஸ்ரீலங்கா' வேண்டாம். சிங்களப் பெயரில் 'ஸ்ரீ லங்கா' வரும், தமிழ்ப் பெயரில் 'இலங்கை'தான். ஆங்கிலத்தையோ சிங்களத்தையோ பார்த்து எழுத்துப் பெயர்க்கும்போதுதான் 'ஸ்ரீலங்கா தென்கிழக்கு' போன்றவை பிறக்கின்றன.

'கிழக்கிலங்கைப் பல்கலைக்கழகம்', 'கிழக்கு மாகாணப் பல்கலைக்கழகம்', 'மட்டக்களப்புப் பல்கலைக்கழகம்' ஆகிய மூன்றும் தவறு. இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானதும்கூட. அரச பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்தவை, மாகாண சபைக்குரியவை அல்ல. 'மாகாண' என்ற ஒரு சொல் நிர்வாகத்தையே மாற்றிச் சொல்லிவிடும்.

பெயரில் ஐயம் வந்தால் பார்க்க வேண்டிய வரிசை: ஒருவர் பெற்ற பட்டத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் அவருடைய பட்டச் சான்றிதழ். நிறுவனத்தின் இன்றைய பெயர் வேண்டும் என்றால் அதன் கடிதத்தலைப்பு. வேறு மாகாணத்தில் உள்ள பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலின் தமிழ்ப் பதிப்பு. கைந்நூலைச் சொல்லக் காரணம் உண்டு. 'வயம்ப' என்பது வடமேற்கைக் குறிக்கும் சிங்களச் சொல். ஆனால் தமிழில் அந்தப் பல்கலைக்கழகத்தை 'வயம்ப' என்றேதான் எழுதுகிறோம், 'வடமேல் பல்கலைக்கழகம்' என்று மொழிபெயர்ப்பதில்லை. கிழக்கும் தென்கிழக்கும் மொழிபெயர்க்கப்படுகின்றன, வயம்பவும் ரஜரட்டையும் படுவதில்லை. இதில் தர்க்கம் தேடிப் பயனில்லை, பார்த்து எழுதுவதே வழி.

ஒற்றும் உருபும்

அதிகம் பிழைக்கும் சொல் 'பல்கலைக்கழகம்'தான். ஒன்பது எழுத்து. நடுவில் உள்ள 'க்' விழுந்து 'பல்கலைகழகம்' ஆகிவிடும், அல்லது 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் 'ள' வந்துவிடும். அடுத்த பிழை 'கிழக்கு பல்கலைக்கழகம்' என்று 'ப்' இல்லாமல் எழுதுவது. கிழக்குப், தென்கிழக்குப், யாழ்ப்பாணப், பேராதனைப், களனிப் என்று ஒற்று மிகும். ஆனால் 'திறந்த பல்கலைக்கழகம்' என்பதில் மிகாது. 'திறந்த' பெயரெச்சம், அதன் பின் வல்லினம் மிகாது. 'இலங்கைத் திறந்தப் பல்கலைக்கழகம்' என்று கண்ட இடமெல்லாம் ஒற்றுப் போடுவது இலக்கணம் தெரிந்தவர் போல் தோன்றச் செய்யும் பிழை.

'தென்கிழக்கு' ஒரே சொல். 'தென் கிழக்கு' என்று இடைவெளி விட்டால் பதாகையில் வரி மடியும்போது 'தென்' மேலேயும் 'கிழக்குப் பல்கலைக்கழகம்' கீழேயும் வரும். தூரத்தில் இருந்து பார்ப்பவர் கீழ் வரியை மட்டும் வாசித்து, பிள்ளை வந்தாறுமூலைக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்.

காற்புள்ளி போட்ட பெயருக்கு வேற்றுமை உருபு சேர்ப்பதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 'கிழக்குப் பல்கலைக்கழகம், இலங்கையின் துணைவேந்தர்' என்று எழுதினால் அவர் நாட்டுக்கே துணைவேந்தர் ஆகிவிடுகிறார். வழி எளிது. தலைப்பு, முகவரி, சான்றிதழ் வரி போன்று பெயர் தனியே நிற்கும் இடத்தில் முழுவதையும் எழுதுங்கள். வாக்கியத்துக்குள் உருபு ஏற வேண்டி வந்தால் 'இலங்கை'யை விட்டுவிட்டு 'கிழக்குப் பல்கலைக்கழகத்தின்' என்று எழுதுங்கள். நாடு கட்டாயம் வேண்டும் என்றால் அதை வாக்கியத்தின் வேறிடத்தில் வையுங்கள்.

துணைவேந்தரா உபவேந்தரா என்றும் கேட்பார்கள். இரண்டும் வழக்கில் உள்ளவை. ஒரே அழைப்பிதழில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

சுருக்கம்

தமிழ் முதலெழுத்துகளைக் கோத்து 'கி.ப.க.', 'தெ.கி.ப.க.' என்று எழுதுவதைத் தவிர்க்கவும். 'க.பொ.த.' எல்லோருக்கும் தெரிந்த சுருக்கம், இவை அப்படி நிலைக்கவில்லை. தமிழில் நன்றாக நிலைத்த சுருக்கம் 'பல்கலை' என்பதுதான். செய்தித் தலைப்பில் 'கிழக்குப் பல்கலை', 'தென்கிழக்குப் பல்கலை', 'யாழ். பல்கலை' என்று போடலாம். 'யாழ்' என்பதன் பின் புள்ளி வேண்டும், யாழ்ப்பாணம் என்பதன் குறுக்கம் அது. செய்தியின் முதற் பந்தியில் முழுப்பெயரைக் கட்டாயம் எழுதிவிட்டு, பிறகு வெறும் 'பல்கலைக்கழகம்' என்றாலே போதும். இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரே செய்தியில் வந்தால் இந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு முறையும் கிழக்கா தென்கிழக்கா என்று சொல்லியே ஆக வேண்டும்.

ஆங்கிலச் சுருக்கங்கள் ஈ.யூ.எஸ்.எல்., எஸ்.ஈ.யூ.எஸ்.எல். இவற்றில் கடைசி இரண்டு எழுத்தையும் வெட்டாதீர்கள். 'ஈ.யூ.' என்றால் ஐரோப்பிய ஒன்றியம். தேர்தல் காலத்தில் அதன் கண்காணிப்பாளர்கள் மட்டக்களப்புக்கும் வருவதால் குழப்பம் வெறும் கற்பனை அல்ல. 'எஸ்.ஈ.யூ.' என்பது மேலே சொன்ன, நாஞ்சிங்கில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுருக்கமாகவும் புழங்குகிறது.

இணைய முகவரியில் உள்ள எழுத்துகளைப் பெயரின் சுருக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் பயன்படுத்திய முகவரி 'இ.எஸ்.என்.' என்று தொடங்குவது. பெயரின் சுருக்கத்தோடு அது பொருந்தவில்லை. தென்கிழக்கின் முகவரியில் 'எஸ்.ஈ.யூ.' மட்டுமே உண்டு. ஆகவே சுருக்கத்தை வைத்து முகவரியை ஊகித்துத் தட்டச்சுச் செய்யாமல், திறந்த பக்கத்தில் இருந்து பிரதி எடுங்கள். நாட்டின் பல்கலைக்கழக முகவரிகள் 'ஏசி டொட் எல்கே' என்று முடியும். இலச்சினையை முகப்பில் போட்டுக்கொண்டு பல முகநூல் பக்கங்களும் வட்ஸ்அப் குழுக்களும் ஓடுகின்றன. எது அலுவலகப் பக்கம் என்று அறிய, பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் அதற்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

பீடம், வளாகம், நிறுவகம்

பகுதியின் பெயரை எழுதி முழுமையின் பெயரை விட்டுவிடுவது இங்கே சகஜம். கல்லடியில் உள்ளது 'சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம்'. அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகம். பட்டச் செய்தி எழுதும்போது இரண்டும் வர வேண்டும்: 'சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், கிழக்குப் பல்கலைக்கழகம், இலங்கை'. 'விபுலாநந்த' என்பதில் 'ந' எழுதுங்கள். காரைதீவில் 1892 இல் பிறந்த அடிகளாரின் பெயரை 'விபுலானந்தர்' என்று எழுதுவோரும் பலர். ஆனால் நிறுவகத்தின் பெயரில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. அந்த இடத்தை 'மியூசிக் கொலிஜ்' என்று சொல்லும் பழக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. முன்பு அது சுவாமி விபுலாநந்தா இசை நடனக் கல்லூரியாக இருந்ததன் எச்சம் அது. அந்தக் காலத்தில் டிப்ளோமா பெற்றவரின் விபரத்தில் பழைய பெயரே சரி.

திருகோணமலையில் உள்ளது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 'திருகோணமலைப் பல்கலைக்கழகம்' என்று ஒன்று இல்லை. மட்டக்களப்பில் எல்லோரும் 'மருத்துவ பீடம்' என்று சொல்வது எழுத்தில் 'சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம்'. தாதியியல் படிக்கும் பிள்ளையும் அதே பீடம்தான். 'மருத்துவ பீடத்துக்குத் தெரிவு' என்று பதாகை எழுதிவிட்டால் ஊர் வேறு மாதிரி விளங்கிக்கொள்ளும்.

இனி, பிரஸ்களில் ஒருவரும் கவனிக்காத ஒன்று. வந்தாறுமூலையில் உள்ளது 'வர்த்தக முகாமைத்துவ பீடம்'. ஒலுவிலில் உள்ளது 'முகாமைத்துவ வர்த்தக பீடம்'. சொற்கள் இரண்டும் அவையே, வரிசை மட்டும் தலைகீழ். ஆங்கிலச் சுருக்கமும் அதற்கேற்ப எஃப்.சி.எம்., எஃப்.எம்.சி. என்று மாறுகிறது. பழைய கோப்பைத் திறந்து பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி அச்சிடும் பழக்கத்தில் இந்தப் பிழை தப்பாமல் வரும். இதற்கு மாறாக 'கலை கலாசார பீடம்' இரண்டிலும் ஒரே பெயர், அதனால் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லாமல் அதை எழுதினால் பயனில்லை. ஒலுவிலின் 'இஸ்லாமியக் கற்கைகள் மற்றும் அறபு மொழிப் பீடம்' என்பதில் 'ற' எழுதுவதே நம் ஊர் வழக்கு. பிரயோக விஞ்ஞான பீடம் ஒலுவிலில் இல்லை, சம்மாந்துறையில் இருக்கிறது. அழைப்பிதழில் இடத்தைத் தவறாகப் போட்டால் விருந்தினர் ஒலுவில் வரை போய்த்தான் திரும்பி வருவார்.

'கம்பஸ்' என்ற சொல்லை எழுத்தில் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். அம்பாறை ஹார்டியும் சம்மாந்துறையிலும் மட்டக்களப்பிலும் உள்ளவையும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்கள். அங்கே கிடைப்பது உயர் தேசிய டிப்ளோமா. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் இருப்பவை தேசிய கல்வியியற் கல்லூரிகள். எதுவும் குறைந்தது இல்லை, ஆனால் பல்கலைக்கழகம் அல்ல. தனியார் நிறுவனங்களின் விளம்பரத்தில் 'கம்பஸ்' என்று இருந்தால் அது வெறும் வணிகப் பெயராக இருக்கலாம். அச்சிடக் கொண்டுவருபவரிடம் 'பட்டத்தை வழங்குவது யார்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் என்னவோ, அதை நிறுவனத்தின் பெயருக்குக் கீழே வாசிக்கக்கூடிய அளவில் போடச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் அல்லாத ஒரு தனியார் நிறுவனம் இங்கே சொந்தப் பெயரில் பட்டம் வழங்க வேண்டும் என்றால், பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அங்கீகாரம் இருக்க வேண்டும்.

வாழ்த்துப் பதாகை

உயர்தரப் பெறுபேறு வந்த இரவே பிரஸ்ஸுக்குத் தொலைபேசி அழைப்பு வரும். அங்கேதான் முதற் பிழை. பெறுபேற்றோடு தெரிய வருவது சித்திகள், இசட் புள்ளி, மாவட்ட நிலை, தீவு நிலை. எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கற்கைநெறி என்பது வெட்டுப்புள்ளி வெளியாகி மானியங்கள் ஆணைக்குழு தெரிவு செய்த பிறகே தெரியும், அதற்கு மாதங்கள் ஆகும். அதற்கு முன் 'பேராதனை மருத்துவ பீடத்துக்குத் தெரிவான' என்று எழுதுவது ஊகம். முதற் பதாகையில் சித்தியும் மாவட்ட நிலையும் மட்டும் போடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர், தெரிவு உறுதியான பின் போடும் பதாகைக்குரியது. விண்ணப்பத்தில் பிள்ளை முதலில் கேட்ட பல்கலைக்கழகமும் கடைசியில் கிடைத்ததும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று இல்லை.

தெரிவுக் கடிதத்திலும் கைந்நூலிலும் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரு 'யூனி-கோட்' இருக்கும். மூன்று இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்தது அது. 001 மருத்துவம், அதோடு 'ஏ' சேர்ந்தால் கொழும்புப் பல்கலைக்கழகம். இலக்கம் கற்கைநெறியைச் சொல்லும், எழுத்து பல்கலைக்கழகத்தைச் சொல்லும். பெற்றோர் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதாமல் இந்தக் குறியீட்டைக் கேட்டு வாங்கி, கைந்நூலோடு ஒப்பிட்டுப் பெயரை எழுதினால் பிழை வராது. (கணினியின் யூனிக்கோட் வேறு விஷயம், அது கீழே வருகிறது.)

அடுத்தது அளவு. தூரத்தில் இருந்து வாசிக்க, ஒவ்வொரு 10 அடிக்கும் எழுத்து 1 அங்குல உயரம் வேண்டும் என்பது பலகை எழுதுவோரின் கணக்கு. வீதியின் மறுபக்கத்தில் 50 அடியில் நின்று வாசிக்க வேண்டும் என்றால் 5 அங்குலம். தமிழ் எழுத்து ஒன்று சராசரியாகத் தன் உயரத்தளவு அகலம் பிடிக்கும் என்று வையுங்கள். 'கிழக்குப் பல்கலைக்கழகம், இலங்கை' 18 எழுத்து, இடைவெளிகளோடு ஏறக்குறைய 19 எழுத்தின் இடம். 5 அங்குலத்தில் 95 அங்குலம் வரும். 8 அடிப் பதாகை 96 அங்குலம். மடித்துத் தைக்கவும் வளையம் அடிக்கவும் பக்கத்துக்கு 4 அங்குலம் விட்டால் மிஞ்சுவது 88. கொள்ளாது. இந்த இடத்தில் வடிவமைப்பவர் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி ஒரே வரியில் அடைப்பார். ழகரமும் ககரமும் ஒட்டிக்கொண்டு தூரத்தில் இருந்து கறுப்புப் பட்டையாகத் தெரியும். நெருக்க வேண்டாம். 'கிழக்குப் பல்கலைக்கழகம்,' மேல் வரியில் முழு உயரத்திலும் 'இலங்கை' கீழ் வரியில் அதன் பாதிக்குச் சற்று மேலான உயரத்திலும் வரட்டும்.

சொல்லையே உடைக்க வேண்டி வந்தால் 'பல்கலைக்' என்று மேலேயும் 'கழகம்' என்று கீழேயும். 'பல்கலை' மேலே நிற்க 'க்கழகம்' என்று புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. மென்பொருள் தானாக மடிக்கும்போது இப்படியும் மடித்துவிடலாம், கையால் உடைத்துவிடுங்கள். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக விடுங்கள். மேல் வரியின் 'கு', 'ழு' கால்களும் கீழ் வரியின் 'கி', 'க்' தலைகளும் மோதும்.

பெயரை விளிம்புக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். கார்த்திகை, மார்கழி வாடைக் காற்றில் முதலில் கிழிவது வளையம் அடித்த மூலைகள்தான். அங்கே இலச்சினை இருந்தால் அதுவும் போய்விடும்.

இலச்சினை என்றாலே வட்ஸ்அப்பில் வந்த படம் என்றாகிவிட்டது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பதாகையில் ஒன்றரை அடி, அதாவது 18 அங்குல அகலத்தில் இலச்சினை வர வேண்டும் என்றால், அங்குலத்துக்கு 72 புள்ளி (பிக்சல்) என்ற குறைந்த கணக்கிலும் 1300 புள்ளி அகலமான படம் வேண்டும். 300 புள்ளிப் படத்தை இழுத்தால் உள்ளே உள்ள எழுத்துகள் கரைந்து பூச்சி போலாகிவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கரையாத வெக்டர் கோப்பு இருந்தால் அதையே கேளுங்கள், வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் படமாக அல்லாமல் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அகலத்தை மட்டும் இழுத்து வட்டத்தை முட்டையாக்கக் கூடாது. நிறம் மாற்றக் கூடாது. இருண்ட பின்னணி என்றால் இலச்சினைக்குப் பின்னால் வெள்ளை வட்டம் அல்லது வெள்ளை விளிம்பு. இலச்சினைக்குள் குறிக்கோள் வாசகம் இருந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் 'மெய்ப்பொருள் காண்பது அறிவு' போல, அதை அழித்துவிட்டு உங்கள் சங்கத்தின் பெயரை எழுதுவது மிக மோசமான வேலை. பெச் டீசேர்ட் அடிப்பவர்கள் இதைத் துணிந்து செய்கிறார்கள்.

பிள்ளையை வாழ்த்தும் பதாகையில் இலச்சினை தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. அது பல்கலைக்கழகமே வாழ்த்துவதாகத் தோற்றம் தரும். நிகழ்ச்சிக்கு இலச்சினையைப் பயன்படுத்த வேண்டும் என்றால் பதிவாளருக்கு எழுதி அனுமதி வாங்குங்கள், கடிதத்தில் எங்கே, என்ன அளவில், எத்தனை நாள் என்று குறிப்பிடுங்கள், மாதிரிப் படத்தையும் இணையுங்கள்.

எழுத்துரு

நம் பிரஸ்களில் பாமினி இன்னும் உயிரோடு இருக்கிறது. பாமினியில் தட்டிய பெயரை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாக வரும். வாடிக்கையாளர் யூனிக்கோட்டில் அனுப்பியதைப் பாமினிக்கு மாற்றும்போது 'ஸ்ரீ', 'ஜ', 'ஹ' போன்றவற்றைத் தனியாகப் பாருங்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர, ருஹுண என்ற பெயர்கள் இவற்றில்தான் விழுகின்றன.

யூனிக்கோட்டில் ஒரு மறைபிழை உண்டு. 'சௌக்கிய' என்பதன் 'சௌ' ஒரே உயிர்மெய். பலர் 'ச'வுக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் தனி 'ள' எழுதுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் கணினிக்கு அது 'செளக்கிய'. இணையத்தில் தேடினால் பீடத்தின் பெயர் அகப்படாது, சில எழுத்துருக்களில் வடிவமும் பிசகும். 'பௌதிக விஞ்ஞானம்' என்பதற்கும் இதே கதி.

போட்டோஷொப்பில் யூனிக்கோட் தமிழை ஒட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. இந்தத் தெரிவு உள்ள பதிப்பு என்றால், விருப்ப அமைப்பில் 'டைப்' என்ற பகுதிக்குப் போய் எழுத்து இயந்திரத்தை 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்று மாற்றுங்கள். இன்னும் பழைய பதிப்புகளில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏசியன்' என்று இருக்கும். பிறகு மென்பொருளை மூடித் திறந்து, புதிய கோப்பில் ஒட்டிப் பாருங்கள்.

தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் மும்மொழிப் பலகை கொடுக்கும்போது தமிழை எழுத்தாகவும் படமாகவும் சேர்த்து அனுப்புங்கள். அவர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிங்கள வரியை நீங்கள் பார்த்துச் சரி சொல்லாமல் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அரச பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசை வழமை. அதில் தமிழ் மட்டும் சிறுத்துப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன அகலக் கணக்குத்தான். தமிழ் வரிதான் நீளமானது. ஆகவே முதலில் தமிழ் வரியை அளந்து, அதற்கேற்பப் பலகையின் அகலத்தை முடிவு செய்தால் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கும்.

சுயவிபரக்கோவையும் அழைப்பிதழும்

பட்டம் பெற்றபோது நிறுவனத்துக்கு என்ன பெயரோ அதுவே எழுத வேண்டிய பெயர். மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 இல் தொடங்கி 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. ஒலுவில் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 1996 இல் பல்கலைக்கழகம். வவுனியா 2021 ஓகஸ்ட் வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 2018 இல் வவுனியாவில் பட்டம் பெற்றவர் 'யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், வவுனியா வளாகம்' என்றே எழுத வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழும் விண்ணப்பமும் ஒத்துப்போகாது. இன்றைய பெயரைச் சொல்ல விரும்பினால் 'தற்போது வவுனியாப் பல்கலைக்கழகம்' என்று பின்னால் சேர்க்கலாம்.

மூத்தவர்களின் விபரத்தில் இன்னொரு சிக்கல். 1942 இல் தொடங்கியதும், 1972 முதல் 1978 வரை எல்லா வளாகங்களையும் ஒன்றாக்கி இயங்கியதும் தமிழில் ஒரே பெயர்தான்: இலங்கைப் பல்கலைக்கழகம். ஆங்கிலத்தில் சிலோன், ஸ்ரீலங்கா என்று பிரித்தறியலாம். தமிழில் முடியாது. அதனால் ஆண்டையும் வளாகத்தையும் சேர்த்து எழுதுங்கள்: 'இலங்கைப் பல்கலைக்கழகம், பேராதனை, 1968', 'இலங்கைப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாண வளாகம், 1977'. நினைவு மலர், மரண அறிவித்தல் எழுதுவோருக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

வரியின் ஒழுங்கு: பட்டம், பாடம், வகுப்பு, பல்கலைக்கழகம், ஆண்டு. ஆண்டு என்பது பட்டமளிப்பு விழா நடந்த ஆண்டு அல்ல. சான்றிதழில் உள்ள, பட்டம் நடைமுறைக்கு வரும் திகதியின் ஆண்டு. விழா பல மாதம் பிந்தி நடப்பதால் இரண்டும் வேறுபடும். வேலைக்கு அனுபவ ஆண்டுகளைக் கணக்கிடும்போது இந்த வேறுபாடு உதைக்கும். வெளிவாரிப் பட்டம் என்றால் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள், கூட்டவும் வேண்டாம் மறைக்கவும் வேண்டாம்.

கலியாண அழைப்பிதழில் பெயருக்குப் பின் பட்டம் போடும் வழக்கம் உண்டு. அங்கே முழு வரி அழகாக இராது. 'பி.ஏ., கிழக்குப் பல்கலைக்கழகம்' என்று போதும். மாப்பிள்ளையுடைய வகுப்பும் பிரிவும் அதில் எதற்கு?

ஆய்வுக் கட்டுரை

கட்டுரையில் ஆசிரியர் பெயருக்குக் கீழே வரும் முகவரி வரிதான் பல்கலைக்கழகத்தின் கணக்கில் அந்தக் கட்டுரை சேருமா இல்லையா என்று தீர்மானிக்கிறது. தரவுத்தளங்கள் அந்த வரியைப் பார்த்தே நிறுவனத்தோடு இணைக்கின்றன. ஒருவர் காற்புள்ளி போட்டு, ஒருவர் 'ஒஃப்' போட்டு, ஒருவர் நாட்டை விட்டு, ஒருவர் பீடத்தை மட்டும் எழுதினால் ஒரே பல்கலைக்கழகத்தின் கட்டுரைகள் நாலு பெயரில் சிதறும், சில டாக்காவின் கணக்குக்கும் போகும். துறை, பீடம், பல்கலைக்கழகத்தின் முழு ஆங்கிலப் பெயர், ஊர், நாடு என்ற ஒழுங்கை எல்லாக் கட்டுரைக்கும் மாற்றாமல் வைத்திருங்கள். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒன்றாக்குங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகவரியில் வரும் செங்கலடியின் கடைசி எழுத்தை 'ஐ' என்றும் 'வை' என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள்.

ஆய்வாளர்களை இணையத்தில் அடையாளம் காட்டும் ஓர்கிட் கணக்கில் நிறுவனத்தைச் சேர்க்கும்போது பெயரை முழுவதும் தட்டி முடிக்காதீர்கள். முதற் சில எழுத்தைத் தட்டியதும் கீழே பட்டியல் விரியும். அதில் நாடு இலங்கை என்று இருக்கும் பெயரைத் தெரிவு செய்தால்தான் நிறுவனத்தின் அடையாள எண்ணோடு கணக்கு இணையும். தட்டியதை அப்படியே சேமித்தால் அது வெறும் எழுத்தாகவே கிடக்கும். ஏற்கெனவே வெளியான கட்டுரை வேறு நிறுவனத்தின் கீழ் விழுந்திருந்தால், கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணையும் சரியான முகவரி வரியையும் சேர்த்து அந்தத் தரவுத்தளத்தின் திருத்தக் கோரிக்கைப் படிவத்தில் அனுப்புங்கள். பல கட்டுரைகள் இருந்தால் தனித்தனியே அனுப்பாமல், ஒரே பட்டியலாக்கிப் பல்கலைக்கழக நூலகத்தின் ஊடாக அனுப்புவது நல்லது.